சேலத்திலிருந்து தீம் பார்க்குக்கு, பிள்ளையும் நானும் மட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு ஐந்தரை வயது. அவள் அம்மாவுக்கு ஷிஃப்ட் வேலை, எங்கள் லீவும் அவள் லீவும் ஒத்துவருவதே அபூர்வம். அதனால் இரண்டு வருடமாக நானும் மகளும் மட்டும் காரை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம், பெங்களூர்ப் பக்கம் பிடதி, சென்னை ஈ.சி.ஆர். என்று பார்க் பார்க்காகப் போய் வருகிறோம். ஒவ்வொரு தடவை திரும்பியதும் ஸ்கூல் வாசலிலும் அபார்ட்மென்ட் லிஃப்டிலும் அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

"எத்தனை வயசுல கூட்டிட்டுப் போலாம்ங்க?"

வயதை விடுங்கள், உயரத்தை அளங்கள். டிக்கெட் கவுன்டரிலும் சரி, ரைடு வாசலிலும் சரி, பிறந்த தேதியை யாரும் கேட்பதில்லை. சுவரில் வரைந்த கோட்டுக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் பார்க்கிறார்கள். பிடதி வொண்டர்லா பார்க்கில் 85 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் டிக்கெட் எடுக்க வேண்டாம். 140 செ.மீ. வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். பெரிய ரைடுகளுக்கு 120, 140 என்று கோடு போட்டிருப்பார்கள்.

மூன்று வயதுப் பிள்ளை ஏறத்தாழ 95 செ.மீ. இருக்கும், நான்கு வயதில் 102, ஐந்தில் 110. அதாவது ஸ்கூல் போக ஆரம்பித்த பிள்ளைக்குக்கூட பார்க்கில் பாதி மூடிய கதவுதான். விளம்பரத்தில் பார்த்த தலைகீழ் ரைடைக் காட்டி ஆசை மூட்டிவிட்டு, அங்கே போய் "நீ குட்டி" என்று சொல்லித் திருப்பினால் அந்த அழுகையைத் தாங்க முடியாது. கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, எந்த ரைடு உண்டு, எது இல்லை என்று பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள். என் கணக்கில் நான்கு வயதுக்கு முன்னால் போவது பெற்றோரின் ஆசைக்குத்தான்.

"சேலத்துல இருந்து மொதல்ல எந்த பார்க்குக்குப் போறது?"

மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், தண்ணீர் விளையாட்டுப் பார்க். ஏறத்தாழ 160 கி.மீ., மூன்றரை மணி நேரம். சங்ககிரி, பெருந்துறை வழியாக அவிநாசி வரை தேசிய நெடுஞ்சாலை, அங்கிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம். நீலகிரி அடிவாரம், கோடையிலும் கொஞ்சம் காற்று வரும். சின்னப் பிள்ளைக்குத் தண்ணீர் போதும், ரோலர் கோஸ்டர் வேண்டாம். முழங்கால் ஆழத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருப்பார்கள்.

பிடதி வொண்டர்லா அடுத்த கட்டம். ஓசூர் வரை நேர் ரோடு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்தில் நைஸ் ரோடு என்ற தனியார் கட்டணச் சாலையில் ஏறி மைசூர் ரோட்டில் இறங்க வேண்டும். ஏறத்தாழ 220 கி.மீ., நிறுத்தங்களோடு ஐந்து மணி நேரம். சென்னை 340 கி.மீ. வி.ஜி.பி., எம்.ஜி.எம். இரண்டும் ஈ.சி.ஆரில் இருக்கின்றன. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லாவும் திறந்துவிட்டார்கள். ஒரே ஆள் ஓட்டிக்கொண்டு போக சென்னையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு தடவை போனேன், போதும்.

"பிளாக் தண்டருக்கு ஊட்டி மாதிரி இ-பாஸ் எடுக்கணுமா?"

வேண்டாம். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்பது நீலகிரி மாவட்டத்துக்குள்ளும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு. பார்க் கோவை மாவட்டத்தில், மலை ஏறும் முன்பே இருக்கிறது. மறுநாள் அப்படியே ஊட்டிக்கும் போகலாம் என்று நினைத்தால் அப்போது எடுக்க வேண்டும்.

"டோலுக்கு எவ்ளோ ஆகும்? ஃபாஸ்டேக் இல்லாட்டி பரவால்லயா?"

கோவைப் பக்கம் வைகுந்தம், விஜயமங்கலம் என்று இரண்டு. அவிநாசியிலேயே அன்னூர் ரோட்டுக்குத் திரும்பிவிட்டால் கணியூர் டோல் மிச்சம். பெங்களூர்ப் பக்கம் ஓமலூர், தொப்பூருக்கு அருகே பாளையம், கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி. நைஸ் ரோட்டுக்குக் கட்டணம் தனி.

ஃபாஸ்டேக் இல்லாமல் கிளம்பாதீர்கள். இல்லாவிட்டால் கட்டணம் கூடும். பணத்தைவிடப் பெரிய தொல்லை, தூங்கும் பிள்ளை டோல்கேட் வாக்குவாதத்தில் எழுந்துகொள்ளும். வருடத்துக்கு நாலைந்து தடவை இப்படிச் சுற்றுபவர்கள் 2025-இல் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 முறை அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலை டோல்களுக்கு மட்டும்தான் அது, நைஸ் ரோட்டுக்குச் செல்லாது.

"நீங்க வண்டி ஓட்டுவீங்க, புள்ள எங்க உக்காரும்? முன்னாடி பெல்ட் போட்டா பத்தாதா?"

பத்தாது. பின்சீட்டில் இடதுபக்கம், பூஸ்டர் சீட்டில். வண்டி மோதினால் முன்னால் ஏர்பேக் விரியும் வேகம் பெரியவர் நெஞ்சுக்கென்று கணக்குப் போட்டது, சின்னப் பிள்ளையின் முகத்தில் அடித்தால் அதுவே ஆபத்து. பெரியவர் பெல்ட்டும் பிள்ளைக்குக் கழுத்திலும் வயிற்றிலும்தான் விழும், பூஸ்டரில் உட்கார்ந்தால் தோளுக்கும் இடுப்பெலும்புக்கும் வரும். 2019 சட்டத் திருத்தப்படி 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் வந்தால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

இடதுபக்கம் ஏன் என்றால், நிறுத்தி இறக்கும்போது கதவு ரோட்டுப் பக்கம் திறக்காது. அங்கே உட்கார்ந்தால் முன்னால் ரோடும் அவளுக்குத் தெரியும், அது வாந்திக்கு மருந்து. அதைக் கீழே சொல்கிறேன்.

"எங்க பையன் கார் ஏறுனாலே வாந்தி. என்ன பண்றதுன்னே தெரியல."

அதிகம் கேட்கப்படுவது இதுதான், எனக்கும் அதிகம் பாடம் படித்துக்கொடுத்தது இதுதான். வண்டி திரும்புவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது. கண்ணோ போன் திரையையோ முன்சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டு "ஒன்றும் அசையவில்லை" என்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகாதபோது வயிறு புரள்கிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை இந்தத் தொல்லை கூடுதல். வளர வளரப் பெரும்பாலும் போய்விடும்.

முதல் பார்க் பயணத்துக்கு முந்தைய மாதம் ஏற்காட்டில் ஒத்திகை பார்த்தேன். சேலத்திலிருந்து போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை. பலகையைப் பார்த்து எண்ணச் சொன்னேன். பதினொன்று வரை சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தவள் "அப்பா, பொம்மை படம்" என்று கேட்டாள், நானும் போனைக் கொடுத்துவிட்டேன். பதின்மூன்றாவது வளைவில் போன், பூஸ்டர், என் பின்சீட் எல்லாவற்றிலும் காலை இட்லி. இறங்கும்போது போன் கிடையாது, கண்ணாடி பாதி இறக்கி, எல்லா வளைவையும் எண்ணியே வந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகு என் வழக்கம்: கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, எண்ணெயும் பாலும் கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடை. காருக்குள் வாசனைக் குப்பி எதுவும் கிடையாது. மூடி போட்ட ஒரு பழைய ஐஸ்க்ரீம் டப்பா அவள் கைக்கெட்டும் இடத்தில். பாலித்தீன் பையைவிட அது மேல், வாயைத் தேட வேண்டியதில்லை. மாத்திரை, சிரப் கொடுப்பதென்றால் பிள்ளையின் எடையைச் சொல்லி டாக்டரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த அளவைக் கொடுக்காதீர்கள்.

"ஒரே நாள்ல போயிட்டு வந்துட்டா ரூம் காசு மிச்சம்தானே மாப்ள?"

இது என் அத்தை மகன். காசு மிச்சம்தான் மச்சான். ஆனால் கணக்கைப் பார். மேட்டுப்பாளையம் போக வர ஏழு மணி நேரம் ஸ்டியரிங், நடுவில் ஆறு மணி நேரம் வெயிலும் தண்ணீரும். தண்ணீரில் ஆடியவன் உடம்புக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தூக்கம் வரும், அது பிள்ளைக்கு மட்டும் வருவதில்லை. பின்சீட்டில் அவள் தூங்கிவிட்டால் பேச்சுத்துணையும் போய்விடும்.

பெங்களூர் ரோட்டில் இன்னும் மோசம். போகும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம், திரும்பும்போது இறக்கம். அந்த இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதியது நம் ஊர்க்காரர்களுக்குச் செய்தி இல்லை. டீசலை மிச்சம் பண்ண நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. தூக்கக் கலக்கத்தோடு இரவில் அதற்குள் இறங்காதே. ஒரு ராத்திரி தங்கி, காலையில் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சத்தில் கியரைக் குறைத்து இறங்கி வா. மேட்டுப்பாளையம் ஒரே நாளில் முடியும் என்று அடம்பிடித்தால், மூன்று மணிக்கே பார்க்கை விட்டு வெளியே வந்துவிடு.

"டூவீலர்ல போலாமாண்ணா? ஏற்காடு வரைக்காவது?"

தீம் பார்க் தூரத்துக்கு வேண்டவே வேண்டாம். ஏற்காட்டுக்கு என்றால், நான்கு வயது வரையுள்ள பிள்ளையை பைக்கில் வைத்தால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், ஹெல்மெட், 40 கி.மீ.க்கு மேல் போகாத வேகம் மூன்றும் கட்டாயம் என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. டேங்க் மேல் முன்னால் உட்காரவைப்பது நம் ஊரில் சகஜம். திடீர் பிரேக்கில் பிள்ளையின் நெஞ்சு ஹேண்டில்பாரில் மோதும். பின்னாலும் தூங்கிச் சாய்ந்துவிடும். எனக்கு மனசு வராது.

"கார் இல்ல. பஸ்ல, டிரெயின்ல முடியுமா?"

மேட்டுப்பாளையத்துக்குத் தாராளமாக. சேலம் ஜங்ஷனிலிருந்து கோவைக்கு ரயில் நிறைய. கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குத் தனி ரயிலும் ஓடுகிறது, பஸ்ஸும் உண்டு. அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை. வாந்திக்காரப் பிள்ளைக்கு ரயில்தான் வசதி. ஈரத்துணி மூட்டையைச் சுமப்பது ஒன்றுதான் கஷ்டம்.

"சாப்பாடு கட்டிட்டுப் போலாமா? உள்ள விடுவாங்களா?"

பெரிய பார்க்குகளில் வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். கைக்குழந்தையின் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் தடை இல்லை, வாசலில் எடுத்துக் காட்டிச் சொல்லிவிடுங்கள். ஒரு பார்க்கில் என் பையைக் கவிழ்த்துப் பார்த்து ஒரு மாம்பழத் துண்டு டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டார்கள். மல்கோவா! பத்து நிமிடம் பேசியும் பலிக்கவில்லை.

வழிச் சாப்பாடு வேறு கதை. சின்ன தட்டுவடை, வறுத்த கடலை, வாழைப்பழம், தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, இவை போதும். தட்டுவடை செட்டாகக் கட்டி எடுத்துப் போக நினைக்காதீர்கள். சட்னியும் பீட்ரூட் துருவலும் ஓமலூர் தாண்டுவதற்குள் வடையை ஊறவைத்துவிடும். தயிர் சாதம் கட்டினால் காலையிலேயே காலி பண்ணிவிடுங்கள். மே மாத வெயிலில் மூடிய காரில் நான்கு மணி நேரம் இருந்த தயிர் சாதத்தை நான் திறந்து பார்த்திருக்கிறேன், அந்த வாசனை மூன்று நாள் போகவில்லை.

"புள்ளைக்கு என்ன டிரஸ் போடறது? கொலுசு கழட்டணுமாங்க?"

தண்ணீரில் இறங்க நைலான், பாலியஸ்டர் துணிதான். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், சறுக்கில் வழுக்காது, நிறைய இடங்களில் விடவும் மாட்டார்கள். அங்கே வாங்கினால் விலை, சேலத்திலேயே வாங்கிப் போங்கள். டயப்பர் போடும் பிள்ளைக்கு நீச்சல் டயப்பர் தனியாக விற்கிறது. சாதாரண டயப்பர் தண்ணீரில் தலையணை போல ஊதிவிடும்.

கொலுசைக் கண்டிப்பாகக் கழற்றுங்கள். நாம் கொலுசுக்குப் பேர் போன ஊர்க்காரர்கள், முத்து வைத்து, சலங்கை வைத்து வகைவகையாகப் போட்டுவிடுகிறோம். பிளாஸ்டிக் சறுக்கு துண்டு துண்டாக இணைத்தது, அந்த இணைப்பில் கொலுசின் கொக்கி மாட்டினால் உடம்பு போகும், கால் நிற்கும். என் மகளுக்கு அப்படி மாட்டி கணுக்காலில் தோல் உரிந்தது. நல்லவேளை, கொக்கி நெளிந்து விட்டுக்கொடுத்தது. அரைஞாண் கொடி, கழுத்துக் கயிறு, வளையல் எல்லாவற்றுக்கும் இதே விதி. வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் லாக்கரைத் தேட வேண்டாம்.

"தம்பி, நீ ஆம்பள. பொண்ணுக்குத் துணி மாத்தறது, பாத்ரூம் போறது எல்லாம் எப்படி?"

மாமியார் கேட்டது. நியாயமான கேள்வி. காலையில் ரூமிலேயே நீச்சல் உடையைப் போட்டு மேலே கவுனை மாட்டிவிடுகிறேன், மாற்றும் வேலை பாதி குறைந்தது. உள்ளே போனதும் முதலில் குடும்ப அறையோ குழந்தை பராமரிப்பு அறையோ எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்வேன். இருந்தால் கவலை இல்லை.

இல்லாவிட்டால், பெண்கள் பகுதி வாசலில் நிற்கும் பணியாளர் அக்காவிடம் சொல்லி அனுப்புவதைவிட, ஆண்கள் பகுதியில் கதவுள்ள அறைக்கு நானே கூட்டிப்போவதுதான் எனக்குச் சரி. தெரியாத யாரிடமும் விடுவதில்லை. ஐந்து வயதுக்கு அது ஓடும். ஏழு, எட்டு ஆனால் அவளுக்கே கூச்சம் வரும், அப்போது அவளே தனியாகப் போக, வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்கலாம். பையனோடு தனியாகப் போகும் அம்மாக்களுக்கும் இதே கணக்கு, பக்கம்தான் வேறு.

"கூட்டத்துல தொலைஞ்சு போயிட்டா?"

எனக்கு நடந்தது. லாக்கர் சாவியைக் கீழே போட்டு, குனிந்து எடுத்து நிமிர்ந்தால் பிள்ளை இல்லை. நான்கு நிமிடம். அலைக்குளத்தின் விளிம்பில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி ஈரத்தலை. அவள் மஞ்சள் சட்டை என்று மட்டும் நினைவு, அன்றைக்கு எல்லாப் பிள்ளையும் மஞ்சளாகவே தெரிந்தது. உயிர்காப்பாளர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவர் செய்தது ஒன்றுதான், அவள் முன்கையில் எழுதியிருந்த நம்பருக்குப் போன் போட்டார்.

அந்த நம்பரை பால்பாயின்ட்டில் எழுதினால் அரைமணியில் போய்விடும், பெர்மனென்ட் மார்க்கரில் எழுதுங்கள். காலையில் அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், "என்ன கலர்" என்று கேட்டால் நாக்குக் குழறும். "காணோம்னா நின்ன எடத்துலயே நில்லு, சீருடை போட்டவங்களக் கூப்பிடு" என்று வழியிலேயே நாலு தடவை சொல்லிவையுங்கள். தண்ணீரில் இருக்கும்வரை ஒரு கை எட்டும் தூரம். முழங்கால் ஆழம்தானே என்று போனை எடுக்காதீர்கள். பிள்ளை மூழ்கும்போது கத்தாது, சத்தமே வராது. இவ்வளவுக்கும் பிறகு கிடைக்கவில்லை என்றால் பார்க் அறிவிப்பு, 112, குழந்தைகளுக்கான 1098.

"அப்பா மட்டும் புள்ளயோட வேற மாநிலம் போனா கேள்வி கேப்பாங்களா? லெட்டர் ஏதாச்சும் வேணுமா?"

ஓசூரைத் தாண்ட எந்தக் கடிதமும் தேவையில்லை. ரூம் எடுக்கும்போது உங்கள் அடையாள அட்டை கேட்பார்கள். பிள்ளைக்கு ஆதார் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து வயதுக்குக் கீழே என்றால் அந்த நீல நிற அட்டை. ஒரே ஒரு தடவை ரிசப்ஷனில் "அம்மா எங்க?" என்று பிள்ளையிடம் கேட்டார்கள். கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், கேட்டது நல்லதுதான்.

"எந்த மாசம் போறது?"

சனி, ஞாயிறு வேண்டாம், காலாண்டு விடுமுறை வேண்டாம், மே மாதம் வேண்டவே வேண்டாம். எல்.கே.ஜி., யூ.கே.ஜி. பிள்ளைக்கு ஒரு செவ்வாய், புதன் லீவு போட்டால் படிப்பு ஒன்றும் கெடாது. ஜூன் பள்ளி திறந்த பிறகும், ஜனவரி பொங்கல் கூட்டம் கலைந்த பிறகும் நல்ல சமயம். ரைடு வரிசையில் அரைமணி நிற்க வேண்டிய நாளில் ஐந்து வயதுப் பிள்ளை மூன்று ரைடுக்கு மேல் தாங்காது.

"அவ்ளோ காசு கட்டி உள்ள போனா பயந்து அழறா. என்ன செய்ய?"

விட்டுவிடுங்கள். காசு போனது போனதுதான், கட்டாயப்படுத்தி ஏற்றினால் அடுத்த தடவையும் போகும். பயம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க எளிய வழி, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாச் சமயத்தில் போடும் பொருட்காட்சி. அங்கே சின்ன ராட்டினத்தில் ஏற்றிப் பாருங்கள். சிரித்துக்கொண்டு இறங்கினால் பார்க்குக்குத் தயார். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினால் இன்னொரு வருடம் போகட்டும்.

"எட்டு வயசு ஒண்ணு, நாலு வயசு ஒண்ணு. ரெண்டு பேரையும் நான் ஒருத்தியே கூட்டிட்டுப் போகட்டுமா?"

வேண்டாம் அக்கா. முதல் கேள்வியில் சொன்ன உயரக் கணக்கு இங்கேதான் உதைக்கும். பெரியவன் ஏறும் ரைடில் சின்னவளை விடமாட்டார்கள், சின்னவளைத் தனியே நிறுத்திவிட்டு நீங்களும் ஏற முடியாது. பெரியவன் தனியாக வரிசையில், நீங்கள் கீழே, நாள் முழுக்க இரண்டு பக்கமும் கண். தங்கையோ பாட்டியோ ஒருவர் சேர்ந்தால் போங்கள். இல்லையென்றால் ஒருவரை ஒரு தடவை, இன்னொருவரை இன்னொரு தடவை.

"நடுவழில வண்டி நின்னுட்டா? உங்களுக்கே உடம்பு முடியாமப் போனா?"

தேசிய நெடுஞ்சாலையில் 1033, ஆம்புலன்ஸுக்கு 108. வண்டியை இடது ஓரம் கட்டி, பிள்ளையை இடதுபக்கமாக இறக்கி, தடுப்புக்கு அந்தப்பக்கம் போய் நில்லுங்கள். நின்ற காருக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள். இன்னொன்று, என் போனின் பூட்டுத் திரையிலேயே அவள் அம்மா நம்பர் தெரியும்படி வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் பாஸ்வேர்ட் தெரியாமலும் யாராவது கூப்பிட முடியும்.

"இவ்ளோ அலைச்சலுக்கு ஏற்காடு போட்டிங்கே போதாதா?"

மூன்று வயதுப் பிள்ளைக்குப் போதும், போதும் என்பதற்கு மேல். குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, ஏரியில் ஒரு படகு, அண்ணா பூங்காவில் ஓட்டம், மதியத் தூக்கத்துக்கு வீடு. மேலே எழுதியதில் முக்கால்வாசித் தொல்லை இல்லை. நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

இப்போது எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது. சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடு 113-இல் இருக்கிறது. அதற்கு மேலே 120-இல் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அவளே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ராட்டினம் மாதிரி ஏதோ வரைந்திருக்கிறாள். பல் தேய்த்துவிட்டு வந்து தினமும் அளக்கிறாள். குதிகாலைத் தூக்குகிறாள் என்று அம்மா இரண்டு தடவை பிடித்துவிட்டாள்.